தாவூது கடை வேகத்தடை

சிங்காநல்லூரில் ஒரு வேகத்தடையை எடுத்துவிட்டார்கள் என்பதற்காக அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் காராச்சேவும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்த மனிதர் குழந்தைவேலு ஒருவராகத்தான் இருப்பார். ஐம்பத்தாறு வயது. கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் முப்பத்தைந்து வருடமாக ஆளுக்கேற்ற மோட்டார் சைக்கிள் கட்டிக் கொடுப்பவர். அவருக்கு ஒரு தார் மேட்டின் மீது என்ன பகை என்றால், அது கிடந்த இடம் அப்படி. ஆறு வருடமாக அது தாவூது கடை வாசலில் கிடந்தது. சாலை போட வந்தவர்கள் போன மாதம்தான் அதைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

"பாத்தியா சுலோச்சனா! என்ற வண்டி அடி வாங்கோணும்னே மனுப் போட்டு வெச்ச தடை அது. வேற யாரு வெச்சிருப்பா? அவன்தான். கடைசில என்ன ஆச்சு? சாமி இருக்குதில்ல?"

ஒயரிங் மேசையில் குனிந்திருந்த அவர் மனைவி சுலோச்சனா நிமிரவே இல்லை. "சாமிக்கு வேற சோலி இல்ல பாருங்க. உங்க வேகத்தடைய எண்ணிட்டு உக்காந்திருக்குது."

குழந்தைவேலுவின் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபது வயதில் சைலன்சரை அறுத்து ஊரைத் தூங்கவிடாமல் செய்ததில் ஆரம்பித்தார். பிறகு முன் சக்கரத்தை நீட்டினார், டேங்கைப் பூசணிக்காய் மாதிரி உருட்டினார், மணப்பெண்ணுக்குக்கூட அத்தனை பளபளப்பு வராத அளவுக்குக் குரோமியம் பூசினார். அப்புறம் காலம் மாறியது. இப்போது இரண்டாயிரத்து அறுபத்தொன்று. வண்டிக்கு மூளை வந்தாகிவிட்டது. தானாகச் சாய்கிறது, தானாக நிமிர்கிறது, தானாக பிரேக் போடுகிறது. டேங்கும் பெயிண்ட்டும் எவனும் அடித்துத் தருவான். ஆனால் புது வண்டியின் மூளை வெறும் பலகை. முதல் ஆயிரம் கிலோமீட்டரை யார் ஓட்டுகிறாரோ, அவர் பழக்கம்தான் அந்த வண்டியின் பழக்கம். அங்கேதான் குழந்தைவேலு மறுபடி எழுந்து நின்றார். அவர் வளைவில் திரும்பினால் பின்னால் இருப்பவர் மடியில் இருக்கும் காபி சிந்தாது. நாய்க்கு நிற்பார், பஸ்ஸுக்கு வழி விடுவார், குழியை மூன்று வீட்டுக்கு முன்பே மோப்பம் பிடித்துவிடுவார். 'வேலு பழக்கின வண்டி' என்றால் ஆள்கள் எட்டு மாதம் காத்திருந்து வாங்கிப் போனார்கள்.

அவர் தினமும் ஓட்டும் சொந்த வண்டிக்குப் பெயர் தாய். தாய் அந்த வாரம் புதிதாக என்ன கற்றதோ, அது வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளை வண்டிகள் இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் போய்விடும். இதில் அவருக்கு ஏகப் பெருமை. பிள்ளை இல்லாத வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் என்று யாராவது வம்புக்குச் சொன்னாலும் சந்தோஷமாகத் தலையாட்டுவார்.

தேங்காய் பன் தீர்வதற்குள் வண்டிப் பழக்க வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தாள். நிறைமதி என்று பெயர், முப்பது வயது இருக்கும், கையில் ஒரு திரை. பன்னை வேண்டாம் என்று மறுத்ததிலேயே சுலோச்சனாவுக்கு விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது.

"சார், உங்க வண்டிகள்ல ஒரு கோளாறு இருக்கு."

"என்ற வண்டிலயா? அம்மணி, வேற பட்டறைக்குப் போக வேண்டியவங்க இங்க வந்துட்டீங்க."

நிறைமதி திரையை நீட்டினாள். சிங்காநல்லூர் சாலையின் படம். ஒரே இடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள் எறும்பு மொய்த்தது போல் கிடந்தன. "உங்க வண்டி எதுவா இருந்தாலும் இந்த இடத்துக்கு வந்தா அறுபதுல இருந்து பதினெட்டுக்கு இறங்குது. குழி இல்ல, வளைவு இல்ல, பள்ளிக்கூடம் இல்ல. போன மாசம் வரைக்கும் அங்க ஒரு வேகத்தடை இருந்ததால எங்க கம்ப்யூட்டர் கண்டுக்கல. இப்ப தடை இல்ல, ஆனாலும் இறங்குது. அது மட்டுமில்ல, ரெண்டு விரல் அளவு வலது பக்கம் சாயுது. ஓட்டறவங்க தலை தன்னால அந்தப் பக்கம் திரும்புது. திரும்பினா என்ன தெரியும், சொல்லுங்க."

"என்னங்க தெரியும்?"

"பல்லு."

அடுத்த படத்தைக் காட்டினாள். ஒரு பல் ஆஸ்பத்திரியின் விளம்பரப் பலகை, இரண்டு மாடி உயரம். சிரிக்கும் பல் ஒன்று. அந்தப் பல்லுக்கும் பல் வைத்து வரைந்திருந்தார்கள்.

"உங்க வண்டி வாங்கினவங்கள்ல எழுபத்தோரு பேர் அங்க போய் பல்லு பாத்திருக்காங்க. வண்டிப் பழக்கத்துக்குள்ள விளம்பரத்தை ஒளிச்சு வைக்கறது எவ்வளவு பெரிய குத்தம்னு உங்களுக்கே தெரியும் சார். அந்த டாக்டர் உங்களுக்குப் பழக்கமா?"

"முகத்தக்கூடப் பாத்ததில்லீங்க அம்மணி!" என்றார் குழந்தைவேலு. அவர் தலைக்கு மேலே அலமாரியில், போன பொங்கலுக்கு அந்த டாக்டரம்மா அனுப்பிய டூத் பிரஷ் பெட்டி 'அன்புடன், நன்றியுடன்' என்ற சீட்டோடு அப்படியே இருந்தது. யார் எவர் என்று கேட்காமல் வாங்கி வைத்தது. நல்லவர்களுக்கு நாலு பேர் நாலு பொருள் அனுப்பத்தானே செய்வார்கள் என்று அப்போது நினைத்திருந்தார். நிறைமதி அந்தச் சீட்டைப் படித்தாள், குறித்துக்கொண்டாள்.

"லைசென்ஸ் போயிடும் சார். இருநூத்திப் பன்னெண்டு வண்டியோட மூளையையும் கழுவிடுவாங்க."

"கழுவறதுன்னா?"

"பழக்கம் எதுவும் இருக்காது. வெறும் பலகை ஆயிடும்."

குழந்தைவேலு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். லைசென்ஸ் போகப்போவதுகூட அவருக்கு உடனே உறைக்கவில்லை. பல்லடம் நர்ஸ் பாக்கியம்தான் நினைவுக்கு வந்தார். பக்கவாதத்தில் அந்த அம்மாவின் வலது கை பாதிக்கு மேல் செத்துவிட்டது. ஊர் ஊராகப் போய் மருந்து கொடுக்கும் வேலை. அவருக்கு வண்டி பழக்க, குழந்தைவேலு தன் வலது கையைத் துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினார். ஊரே சிரித்தது. பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை, வண்டியை வாங்கிக்கொண்டு போனார், ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. அந்தப் பழக்கத்தைக் கழுவிவிட்டால் அந்த அம்மா வீட்டோடுதான் கிடக்க வேண்டும். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் என்று குழந்தைவேலு விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"நான் எதுக்குங்க பல்லப் பாக்கறேன்?" என்றார், அழாத குறையாக.

சுலோச்சனா சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தாள். "அவரு வலது பக்கம் பாக்கறதில்லீங்க அம்மணி. இடது பக்கம் பாக்காம இருக்கறாரு."

"இடது பக்கம் என்ன இருக்கு?"

"தாவூது அண்ணன் கடை."

விஷயம் இதுதான். குழந்தைவேலுவும் தாவூதும் இருபத்து நாலு வருடம் ஒரே பட்டறையில் ஒரே சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு வண்டி கட்டியவர்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து கட்டிய வண்டிக்குக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. டேங்கில் அடித்திருந்த பித்தளைத் தகட்டில் குழந்தைவேலுவின் பெயர் மட்டும் இருந்தது. தகடு சின்னது, ஒரு பெயருக்குத்தான் இடம் என்றார் குழந்தைவேலு. தகடு சின்னதென்றால் எழுத்தைச் சின்னதாகப் போடுவதுதானே என்றார் தாவூது. அதற்குமேல் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தாவூது சிங்காநல்லூரில் தனிக்கடை போட்டார். குழந்தைவேலு வண்டி பழக்கும் பாதையும் சிங்காநல்லூர் வழியாகத்தான் போயிற்று. வேறு பாதையே கோயம்புத்தூரில் இல்லையா என்று சுலோச்சனா ஒரு நாள் கேட்டாள், அவர் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

"அங்க வந்தா மெதுவாப் போறது, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கறது. நான் பின்னால உக்காந்து பாத்துட்டுத்தான இருக்கறேன்" என்றாள் சுலோச்சனா.

"நான் மெதுவாப் போனது தடை இருந்ததால!" என்று கத்தினார் குழந்தைவேலு.

"இப்பத்தான் தடை இல்லீங்களே சார்" என்றாள் நிறைமதி. குரலில் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது. "சரி, நீங்க சொல்றது உண்மைன்னா அது விளம்பரம் இல்ல, வெறும் பழக்கம். திருத்த வாய்ப்புத் தருவாங்க. ஆனா பகைன்னு நீங்க நிரூபிக்கணும்."

"பகையை எப்படிங்க நிரூபிக்கறது?"

"பகையாளியக் கூட்டிட்டு வாங்க. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை."

அவள் போன பிறகு குழந்தைவேலு தாயை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு கடையைத் தாண்டுவது பெரிய வித்தையா, நேராகப் பார்த்து, வேகம் குறையாமல் ஓட்டிவிட்டால் கதை முடிந்தது என்று கணக்குப் போட்டார். முதல் தடவை பதினெட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார், பதினேழு. பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டியதில் பதினாறுக்கு வந்தது. அவர் புத்தி ஒன்று சொல்ல, இடுப்பும் முழங்காலும் வேறொன்று செய்தன. பதினோரு தடவை போய் வந்து, இனிமேல் ஆகாது என்று தெரிந்ததும், பன்னிரண்டாவது தடவை தாவூது கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார்.

தாவூது வெளியே வந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. அது குழந்தைவேலுவுக்குத் தெரியாது. பதினோரு வருடமாக அவர் எதிர்ப்பக்கத்து விளம்பரப் பல்லைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பேசுகிறவன் தோற்றவன் என்பது இருவருக்கும் தெரியும். குழந்தைவேலு தாயின் டேங்கைத் தட்டினார். "ஏ வண்டி, நாம வந்த சேதியச் சொல்லு. வாரியத்துல கேசுன்னு சொல்லு."

தாவூதும் வண்டியையே பார்த்தார். "வா வண்டி. கூட வந்தவங்களும் வேணும்னா உக்காரலாம். நாற்காலி சும்மாத்தான் கெடக்குது."

"வண்டி, நாங்க உக்கார வரலைன்னு சொல்லு. சாட்சிக்கு ஆள் வேணும். பதினோரு வருசமாப் பகைன்னு வந்து சொன்னாப் போதும்."

குழந்தைவேலு நீட்டிய வாரியத்தின் விசாரணை ஓலையை தாவூது வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தார். மீசை துடித்தது, சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "வண்டி, உன்ற ஆளு பகைய நிரூபிக்கறதுக்கு எங்கிட்ட உதவி கேட்டு வந்திருக்கறாரா?"

"கேக்கலைன்னு சொல்லு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

"டீ குடிக்கறியா வண்டி?"

வண்டி பதில் சொல்லவில்லை. குழந்தைவேலுவுக்குத் தொண்டை காய்ந்திருந்தது, ஆனால் டீ குடித்துவிட்டால் பகைக்கு சாட்சி எப்படி நிற்கும் என்ற பயத்தில் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார்.

வியாழக்கிழமை தாவூது வாரியத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குப் போடுகிற செண்ட். குழந்தைவேலுவுக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார். நடுவில் சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள்.

"இவர் உங்களுக்குப் பகையாளிங்களா?" என்றாள் நிறைமதி.

"சத்தியமாங்க. பதினோரு வருசமா மொகம் கொடுத்துப் பேசல."

"செவ்வாய்க்கிழமை உங்க கடைக்கு வந்திருக்காரே?"

"வந்தானுங்க. வண்டிகிட்டப் பேசினான். நானும் வண்டிகிட்டத்தான் பேசினேன்."

நிறைமதி உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தாளை எடுத்தாள். "அப்ப இதை விளக்குங்க. உங்க கடை வாசல்ல வேகத்தடை வேணும்னு மாநகராட்சிக்கு ஒன்பது மனு போயிருக்கு. ஒன்பதும் நீங்க போட்டது. 'குழந்தைகள் நடமாட்டம்'னு எழுதியிருக்கீங்க. அந்தப் பக்கம் பள்ளிக்கூடமே கிடையாது."

குழந்தைவேலு துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா அம்மணி! நாஞ் சொன்னனா இல்லியா? என்ற வண்டிய ஒடைக்கறதுக்குன்னே ஒன்பது மனு! இதவிடப் பகைக்கு என்ன அத்தாச்சி வேணும்?"

தாவூது தரையைப் பார்த்தார். சுலோச்சனா அவர் பக்கம் திரும்பி, "அண்ணா, சொல்லீருங்க" என்றாள் மெதுவாக. அப்போதுதான் அவளுக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கிறது என்று குழந்தைவேலுவுக்கு உறைத்தது.

"ஆரம்பத்துல இவன் என்னைச் சீண்டத்தான் வாசல்ல மெதுவாப் போறான்னு நெனச்சேனுங்க" என்றார் தாவூது. "ஒரு நாள் ஒரு நர்ஸம்மா வந்துச்சு. இவன் கட்டின வண்டி. அந்தம்மாவும் என் வாசல்ல மெதுவாப் போச்சு, தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. அதுக்கு என்னை யாருன்னே தெரியாது. மறுநாள் ஒரு காலேஜ் பொண்ணு, அதுவும் அப்படியே. அப்பத்தான் புரிஞ்சுது. ஓட்டறது யாரோ. ஆனா மெதுவாப் போறது இவன்தான்."

"அதுக்கும் மனுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் நிறைமதி.

"எனக்கும் இந்தத் தொழில்தானுங்களே. காரணமில்லாம வண்டி வேகத்தைக் கொறைச்சா வாரியம் என்னைக்காவது புடிச்சிரும்னு தெரியும். மூளையக் கழுவிருவாங்க. அந்த நர்ஸம்மா என்ன பண்ணும்? அதான் அந்த எடத்துல ஒரு காரணம் இருக்கட்டும்னு தடை கேட்டேன். எட்டு தடவ தள்ளுபடி பண்ணிட்டாங்க. ஒன்பதாவதுக்கு வெச்சாங்க."

"அப்ப பகைன்னு சொன்னது?" என்றாள் நிறைமதி.

"பகைதானுங்க! அவன் மேல பகை. அவன் வண்டி மேல எனக்கு என்னங்க பகை?"

குழந்தைவேலுவுக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. ஆறு வருடமாக அந்த மேட்டைத் தாண்டும்போதெல்லாம் அவர் திட்டிய திட்டு ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. அதை எடுத்ததற்குப் பன் வாங்கிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, சொல்ல முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியதை மறைக்க, பழக்கதோஷத்தில் முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே பல் இல்லை, வாரியத்தின் நாள்காட்டிதான் இருந்தது.

"தகடு" என்றார் அதைப் பார்த்துக்கொண்டே. "பெரிய தகடும் இருந்துச்சுடா. நாந்தான் சின்னதை எடுத்தேன்."

வண்டி இல்லாத அறையில், நேருக்கு நேர், பதினோரு வருடத்துக்குப் பிறகு அவர்தான் முதலில் பேசினார்.

"தெரியும்டா. அலமாரில நானே பாத்தேன்" என்றார் தாவூது.

நிறைமதி தீர்ப்பை எழுதினாள். விளம்பரக் குற்றம் தள்ளுபடி. பழக்கக் கோளாறு உண்மை. தாய் வண்டியை அந்த இடத்தில் ஓட்டி ஓட்டிப் பழக்கத்தை மாற்ற வேண்டும், இரண்டு வெள்ளிக்கிழமைக்குள்.

குழந்தைவேலு உத்தரவைச் சிரமேற்கொண்டார். தினமும் சாயங்காலம் நாலரை மணிக்குத் தாயை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் போனார். இப்போது அறுபது அறுபதாகவே இருந்தது, தலை வலது பக்கம் திரும்பவில்லை. கடை வந்ததும் இடது பக்கம் மடங்கி, வாசலில் ஸ்டாண்டு போட்டு, ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் முடித்து, தாவூது கட்டும் வண்டியில் நாலு குறை சொல்லி, பதிலுக்கு எட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். முதல் வெள்ளிக்கிழமையும் இரண்டாம் வெள்ளிக்கிழமையும் தாய் கற்றது பிள்ளைகளுக்குப் போனது.

அடுத்த புதன்கிழமை நிறைமதி மறுபடி பட்டறைக்கு வந்தாள். இந்த முறை பன்னை மறுக்கவில்லை.

"சார், உங்க வண்டிங்க இப்ப வேகத்தைக் குறைக்கறதில்ல."

"பாத்தீங்களா!"

"நிக்குது. நாலரைக்கு மேல எந்த வண்டி அந்தப் பக்கம் போனாலும் தாவூது கடை வாசல்ல மடங்கி, தானா ஸ்டாண்டு போட்டு இருபது நிமிசம் நிக்குது. ஓட்டறவங்க சரின்னு அழுத்தினாத்தான் கிளம்புது, ஆனா யாரும் அழுத்தறதில்ல. நேத்து பதினாலு வண்டி. பாக்கியம் அம்மா எல்லாருக்கும் பிரஷர் பாத்துட்டு இருக்காங்க. பல் டாக்டர்கூட எதிர்ல இருந்து டீ குடிக்க வந்துட்டாங்க, இப்பெல்லாம் கூட்டம் குறைஞ்சு போச்சாம்."

"அட கெரகமே!" என்றார் குழந்தைவேலு. உடனே முகம் வெளுத்தது. "மறுபடியும் கேசுங்களா அம்மணி? காரணமில்லாம நிக்குதுன்னு?"

"அதுக்குத்தான் வந்தேன். காரணம் கிடைச்சிருச்சு." அவள் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேசையில் வைத்தாள். மாநகராட்சிக்கு ஒரு மனு. சிங்காநல்லூரில் மேற்படி கடை வாசலில் இருசக்கர வாகனம் நிறுத்துமிடம் வேண்டும், குழந்தைகள் நடமாட்டம் உள்ள பகுதி. "பலகை வைக்க வருசக்கணக்கா ஆகும். ஆனா மனு நிலுவையில இருந்தாலே எங்க சட்டத்துக்குப் போதும்."

சுலோச்சனா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். குழந்தைவேலு தன் காதைத் தடவிக்கொண்டார். அவருக்குத் தெரியாத மனு அல்ல அது.

"ஒரு விஷயம் மட்டும் ஒழுங்கில்ல சார்" என்றாள் நிறைமதி. "மனுதாரர் பேர் எழுத ஒருத்தருக்குத்தான் கட்டம் இருக்கு."

அந்தக் கட்டத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. எழுத்தைச் சின்னதாகப் போட்டிருந்தார்கள்.